ஆங்கில வருணனைச் சொற்கள்: பட்டியலை உருப்போட்டால் போதுமா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை திருச்சியில் செவிலியராக வேலை பார்க்கிறாள். பிரிட்டனில் பணிக்குச் சேர்வதற்காக மருத்துவப் பணியாளர்களுக்கான ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பயிற்சி வகுப்பில் வருணனைச் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் அதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல். இரவுப் பணி முடிந்து வந்த பிறகும் அதை எடுத்து வைத்துக்கொண்டு உருப்போடுகிறாள். நான் கேட்டால் உடனே பொருள் சொல்லிவிடுகிறாள். 'டல்' மந்தம், 'ஷார்ப்' கூர்மை, 'டெண்டர்' மென்மை, 'ஷாலோ' ஆழமற்றது.

ஆனால் ஒரு நோயாளியின் நிலையை நான்கு வரியில் எழுது என்றால் படித்த சொற்களில் ஒன்றுகூட வருவதில்லை. எந்த வலியாக இருந்தாலும் 'சிவியர் பெயின்', அதாவது கடுமையான வலி, என்றே எழுதுகிறாள். நெஞ்சுவலியும் 'சிவியர்', பல்வலியும் 'சிவியர்', பிரசவ வலியும் 'சிவியர்'. இத்தனைக்கும் வார்டில் நோயாளிகளிடம் தமிழில் வலியைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக விசாரிப்பவள்.

பட்டியலை விட்டுவிடலாமா, வேறு விதமாகப் படிக்கலாமா? ஆங்கிலம் கற்பித்தவர்களும் இந்தத் தேர்வை எழுதியவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரும்பலகை:

சகோதரி, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் தங்கை சொன்ன நான்கு சொற்களிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

'டெண்டர்' என்றால் மென்மை என்று எழுதிக் கொடுத்தவர், எதன் மென்மை என்று எழுதவில்லை. இறைச்சிக்கு அடைமொழியாக வந்தால் நன்றாக வெந்து மிருதுவானது. வயதுக்கு வந்தால் இளம் பருவம். பார்வைக்கு வந்தால் கனிவு. வயிற்றைப் பற்றி மருத்துவர் அப்படிக் குறித்திருந்தால், கை வைத்து அழுத்தும்போது வலிக்கிறது என்று பொருள். 'த அப்டமன் இஸ் டெண்டர்' என்ற வரியை 'வயிறு மென்மையாக இருக்கிறது' என்று புரிந்துகொண்டு ஒரு செவிலியர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? 'ஷாலோ'வும் அப்படித்தான். குளத்துக்கு வந்தால் ஆழமற்றது. மூச்சுக்கு வந்தால் நெஞ்சு நிரம்பாமல் மேலோட்டமாக விடும் மூச்சு. மனிதருக்கு வந்தால் வசை.

பெயர்ச்சொல் எது என்று கேட்காமல் வருணனைச் சொல்லுக்குப் பொருள் சொல்லவே முடியாது. எனவே தனிச் சொல்லாக எழுதிப் படிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். 'ஷாலோ பிரீதிங்', 'டெண்டர் அப்டமன்' என்று இணையாகவே நோட்டில் ஏறட்டும்.

இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடமும் உண்டு, காலை வாரிவிடும் இடமும் உண்டு. 'கனமழை' என்கிறோம், ஆங்கிலத்திலும் 'ஹெவி ரெயின்'. அப்படியே பொருந்துகிறது. ஆனால் 'பலத்த மழை', 'பலத்த காற்று' என்று இரண்டுக்கும் ஒரே அடையைப் போடுவோம். ஆங்கிலத்தில் காற்று மட்டும்தான் 'ஸ்ட்ராங்'. மழையை அப்படிச் சொல்ல மாட்டார்கள். உயரமான மனிதர், உயரமான மலை என்று நமக்கு ஒரே சொல். அங்கே மனிதரும் மரமும் 'டால்', மலையும் மதிலும் 'ஹை'. தடித்த புத்தகத்தை 'திக் புக்' எனலாம். தடித்த மனிதரை 'திக்' என்று சொன்னால், பிரிட்டனில் அவரை மந்தபுத்திக்காரர் என்று திட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சொல் எங்கே உட்காரும் என்பதும் முக்கியம். 'அஸ்லீப்', 'அஃப்ரெய்ட்', 'அலைவ்' போன்றவை பெயருக்கு முன்னால் வருவதில்லை. 'த பேஷண்ட் இஸ் அஸ்லீப்' சரி, 'அன் அஸ்லீப் பேஷண்ட்' தவறு. பயில்வோருக்கான நல்ல அகராதியில் இதை அந்தச் சொல்லின் கீழேயே குறித்திருப்பார்கள். நம் மாணவர்கள் பொருளைப் பார்த்ததும் அகராதியை மூடிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படிப்பதில்லை. 'போர்ட்', 'போரிங்' குழப்பம் ஆண்டுதோறும் வகுப்புக்கு வரும். சலிப்படைந்தவர் 'போர்ட்', சலிப்பூட்டுவது 'போரிங்'. 'ஐ ஆம் போரிங்' என்று நேர்காணலில் ஒருவர் சொன்னால், தான் சலிப்பூட்டும் ஆள் என்று அவரே அறிவித்ததாகிவிடும்.

இலக்கு_அரசுப்பணி:

கரும்பலகை ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் பட்டியலை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. நான் மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். ஒத்த சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று அங்கே நேரடியாகவே கேட்கிறார்கள். 'கல்லிபிள்' என்றால் எளிதில் ஏமாறுபவர், 'கிரிகேரியஸ்' என்றால் கூட்டத்தோடு கலந்து பழகுவதை விரும்புபவர், 'லொக்குவேஷியஸ்' என்றால் ஓயாமல் பேசுபவர். எங்கள் ஊரில் ஆங்கில நாளிதழ் வாங்கும் வீடு ஒன்றுகூடக் கிடையாது. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பட்டியலும் ஒரு நோட்டும்தான் கைக்கு எட்டுகின்றன. ஆயிரம் சொற்களையும் பத்தியில் சந்தித்துத்தான் கற்க வேண்டும் என்றால் தேர்வுக்கான வயது வரம்பே கடந்துவிடும்.

பட்டியல் மறந்துபோவதற்குக் காரணம் திரும்பப் பார்க்கும் இடைவெளி தவறிப்போவது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த உடனே மறதி மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. இதை வைத்துப் பலர் பல முறைகளைச் செய்தார்கள். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய அட்டைப்பெட்டி முறை எனக்குப் பிடித்தது. பெட்டியில் சில அறைகள். புதிய சொல்லட்டை முதல் அறையில் இருக்கும், அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். அங்கே பார்க்கும் இடைவெளி கூடும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கே வரும். திருமண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தை வெட்டி அட்டைகள் செய்துகொண்டேன். செலவே இல்லை.

மனப்பாடம் நம் மரபுக்கு அந்நியமும் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளை மனப்பாடம் செய்துதானே தமிழ் கற்றார்கள்?

அகராதி_ஆர்வலர்:

தம்பி நிகண்டை எடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் நிகண்டு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். திவாகர நிகண்டில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று துறை துறையாகத் தொகுதிகள். பண்பு பற்றிய பெயர்களுக்கு ஒரு தனித் தொகுதி, செயல் பற்றியதற்கு ஒன்று, ஒலி பற்றியதற்கு ஒன்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதைத் தனியே எடுத்து ஒரு தொகுதி ஆக்கியிருக்கிறார்கள். அதாவது நம் முன்னோர் மனப்பாடம் செய்தது அகர வரிசைப் பட்டியலை அல்ல. உறவுள்ள சொற்களைக் குடும்பமாகச் சேர்த்து, யாப்பில் கட்டி, அதைப் படித்தார்கள். இன்றைய பயிற்சி வகுப்புப் பட்டியலில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் ஓர் உறவும் கிடையாது.

அடுத்து, விளக்கம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. பயில்வோருக்கு அகராதியே வேறு விதமாக இருக்க வேண்டும் என்று உணர்ந்தவர்களில் ஒருவர் நம் துணைக்கண்டத்தில் வேலை பார்த்தவர். மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். வங்காள மாணவர்கள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதைக் கண்டு, சொற்களைக் கட்டுப்படுத்திய பாடநூல்களை எழுதினார். 1935இல் அவரும் ஜேம்ஸ் எண்டிகாட்டும் ஓர் அகராதி கொண்டுவந்தார்கள். அதில் ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களை மட்டுமே கொண்டு விளக்கினார்கள். கடினமான சொல்லை அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கும் வழக்கத்துக்கு அது ஒரு முடிவு. 1978இல் வந்த லாங்மன் அகராதியும் ஏறக்குறைய 2,000 விளக்கச் சொற்கள் என்ற அதே வழியில் வந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியாகி, 1948 முதல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகெங்கும் போனது.

வருணனைச் சொற்களுக்கு நான் முதலில் எடுப்பது 1987இல் வந்த கோபில்ட் அகராதி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் செய்தது. அதில் விளக்கம் முழு வாக்கியமாகவே இருக்கும். ஒருவரை நீங்கள் இவ்வாறு வருணித்தால், அவர் இன்ன விதமாக நடந்துகொள்கிறார், அதை நீங்கள் விரும்பவில்லை என்று பொருள் என்ற போக்கில் எழுதியிருப்பார்கள். யாரைப் பற்றிச் சொல்லலாம், சொல்பவரின் மனநிலை என்ன என்ற இரண்டும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

வீட்டில் லிப்கோ அகராதி இருந்தால் அதையும் கைவிட வேண்டாம். தமிழ்ப் பொருள் சட்டென்று மனத்தில் படும். முதலில் தமிழ், பிறகு எளிய ஆங்கில விளக்கம், பிறகு எடுத்துக்காட்டு வாக்கியம் என்ற வரிசையில் போனால் ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆகட்டும்.

வெண்சீருடை:

காவிரிக்கரை அக்கா, நான் ஓ.இ.டி. எழுதி, இப்போது பிரிட்டனில் ஒரு பொது மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் தங்கைக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அவரிடம் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருச்சி வார்டில் நோயாளிகள் எப்படிச் சொல்கிறார்கள்? விண்விண் என்று தெறிக்கிறது. சுருக் சுருக்கென்று குத்துகிறது. குடைகிறது. திகுதிகு என்று எரிகிறது. இழுத்துப் பிடிக்கிறது. பாரமாக அழுத்துகிறது. மரத்துப் போகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு வலி என்று அவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் அதே பகுப்பு உண்டு. விண்விண் என்று நாடியோடு சேர்ந்து தெறிப்பது 'த்ராபிங்'. பழுத்த கட்டியும் சீழ் பிடித்த பல்லும் அப்படித்தான் வலிக்கும். கத்தியால் குத்துவதுபோல் வருவது 'ஸ்டாபிங்'. இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று பாய்வது 'ஷூட்டிங்'. இழுத்துப் பிடித்து விடுவது 'கிராம்பிங்'. விட்டு விடாமல் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருப்பது 'நாயிங்'. எழுதும்போது முதலில் 'ஜி' வரும், அது ஒலிக்காது. இடம் காட்ட முடியாமல் மந்தமாக இருந்துகொண்டே இருப்பது 'டல் ஏக்'.

இது வெறும் மொழிப் பயிற்சி இல்லை. நெஞ்சில் 'ஹெவி', 'டைட்', 'கிரஷிங்' (பாரம், இறுக்கம், நசுக்குவது) என்று நோயாளி சொன்னால் இதயத்தைச் சந்தேகிக்கிறோம். மூச்சை இழுக்கும்போது மட்டும் 'ஷார்ப்' என்றால் நுரையீரல் உறையின் பக்கம் யோசனை போகும். திடீரென்று முதுகுவரை கிழிப்பதுபோல் 'டேரிங்' என்று சொன்னால், பெருந்தமனி கிழிந்திருக்குமோ என்று மருத்துவரை ஓடிப்போய் அழைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் 'சிவியர்' என்று எழுதினால், வலி எவ்வளவு என்பது தெரியும், எப்படிப்பட்டது என்பது தெரியாது. இங்கே வலியை விசாரிக்க 'சாக்ரடீஸ்' என்ற நினைவுக் குறிப்பைச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்வி. எந்த இடம், எப்போது தொடங்கியது, எப்படிப்பட்டது, எங்கே பரவுகிறது என்று வரிசையாகப் போகும். 'சி' என்ற எழுத்து வலியின் தன்மைக்கானது. கடுமைக்குக் கடைசியில் தனி எழுத்து இருக்கிறது. தங்கை 'சி' வர வேண்டிய இடத்தில் கடைசி எழுத்தையே எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சொற்களை ஒருவர் ஆராய்ந்து அடுக்கியே வைத்திருக்கிறார். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாத்தாள். 78 சொற்கள், 20 குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சொற்கள் படிப்படியாக ஏறும். சூட்டுக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஹாட்', 'பர்னிங்', 'ஸ்கால்டிங்', 'சியரிங்'. சுடுகிறது, எரிகிறது, வெந்நீர் கொட்டியதுபோல் இருக்கிறது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்ததுபோல் இருக்கிறது. நான் படித்தபோது இந்த வினாத்தாளின் குழுக்களைத்தான் நோட்டில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அப்படிச் சொன்ன ஒரு நோயாளியை நினைவுபடுத்தித் தமிழில் எழுதினேன். கரும்பலகை ஐயாவுக்கு ஒரு செய்தி: அந்த வினாத்தாளில் 'போரிங்' என்ற சொல்லும் இருக்கிறது. அங்கே அதற்குத் துளைப்பது என்று பொருள்.

வலியோடு நிறுத்த வேண்டாம். வறட்டு இருமலுக்கு 'டிரை', சளியோடு வந்தால் 'புரொடக்டிவ்', குழந்தைக்கு நாய் குரைப்பதுபோல் வந்தால் 'பார்க்கிங்'. தோல் வெளிறியிருந்தால் 'பேல்', சிவந்திருந்தால் 'ஃப்ளஷ்ட்', பிறகு 'கிளாமி'. இந்த 'கிளாமி' அருமையான சொல். தொட்டால் சில்லென்று, அதே நேரம் வியர்வையில் பிசுபிசுவென்று இருப்பது. தமிழில் ஒரே சொல் கிடைக்காது. ஆனால் கை வைத்துப் பார்த்த செவிலியர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. காயத்தைப் பற்றி 'வீப்பிங்' என்று எழுதியிருந்தால் நீர் கசிகிறது என்று பொருள். நோயாளியைப் பற்றி 'டியர்ஃபுல்' என்றால் கண்கலங்கியபடி இருக்கிறார்.

குன்னூர்_மூடுபனி:

என் துறை தேயிலை. சுவைத்துத் தரம் சொல்வது வேலை. செவிலியர் அம்மா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் பிழைப்பே வருணனைச் சொற்களில்தான் நடக்கிறது. குன்னூர் ஏலத்துக்கு வரும் தூளைப் பற்றி நான் எழுதும் இரண்டு மூன்று சொற்களை நம்பி, அதைக் கண்ணால் பார்க்காதவர்கூட விலை கேட்கிறார்.

பொது அகராதியில் 'பிரிஸ்க்' என்றால் சுறுசுறுப்பு. எங்களுக்கு, சாறு வாயில் பட்டதும் நாக்கு விழித்துக்கொள்வதுபோன்ற உயிர்ப்பு. அது இல்லாவிட்டால் 'ஃப்ளாட்'. 'பஞ்சண்ட்' என்பதற்குப் பட்டியலில் காரம், நெடி என்று போட்டிருப்பார்கள், படிப்பவர் அதைக் குறை என்று நினைப்பார். தேயிலையில் அது பாராட்டு. துவர்ப்பும் உயிர்ப்பும் சேர்ந்து நிற்பது. 'கிரீன்' என்பது மாறாகக் குறை. பச்சை வாடை அடிக்கிறது, இலை சரியாக வாடவில்லை அல்லது பதமாகப் புளிக்கவில்லை. தீ அதிகமானால் 'பேக்கி'. சக்கையின் நிறம் புதுச் செம்புபோல் இருந்தால் 'காப்பரி'. உலர்ந்த இலை நன்றாக முறுக்கேறிக் கம்பிபோல் இருந்தால் 'வயரி'. கறுப்புத் தேயிலைக்கான சொற்களையும் விளக்கங்களையும் பன்னாட்டுத் தர நிறுவனம் 1982இல் தனி ஆவணமாகவே வெளியிட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு பொருளில் சொன்னால் வணிகம் நடக்காது.

புதிதாக வரும் பையன்களுக்கு நாங்கள் சொல்லைச் சொல்லிப் பிறகு கோப்பையைக் கொடுப்பதில்லை. முதலில் இரண்டு கோப்பைகளை அடுத்தடுத்து வைத்து, உறிஞ்சித் துப்பச் சொல்வோம். என்ன வேறுபாடு என்று அவன் தமிழிலோ படுக மொழியிலோ திணறித் திணறிச் சொன்ன பிறகுதான் அதற்குப் பெயர் இது என்போம். அப்படிக் கற்ற சொல்லை எவனும் மறந்து நான் பார்த்ததில்லை. திருச்சித் தங்கைக்கு வார்டு முழுக்கக் கோப்பைகள் இருக்கின்றன.

இலக்கு_அரசுப்பணி:

எல்லாம் சரி, துறைச் சொற்களுக்கு இது பொருந்தும். மனிதரின் குணத்தைச் சொல்லும் சொற்களுக்கு என்ன செய்வது? என் பட்டியலில் 'டாசிடர்ன்', 'ரெட்டிசண்ட்', 'ரிசர்வ்ட்', 'ஷை' நான்குக்கும் 'அதிகம் பேசாதவர்' என்றே போட்டிருக்கிறது. நான்கும் ஒரே கேள்வியில் விடைத் தெரிவுகளாக வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

கரும்பலகை:

தம்பி, நல்ல கேள்வி. அதிகம் பேசாதவர்களைத் தமிழில் நாமும் ஒரே பெயரால் அழைப்பதில்லையே. கூச்ச சுபாவம் என்கிறோம், அழுத்தக்காரர் என்கிறோம், ஒட்டாமல் இருப்பவர் என்கிறோம், வாயைத் திறக்காத மனிதர் என்கிறோம். ஏன் பேசவில்லை என்ற காரணம் வேறு வேறு.

'ஷை' என்பவர் பிறர் முன்னால் பேசத் தயங்குகிறார், கூச்சம்தான் காரணம். 'ரிசர்வ்ட்' என்பவர் உணர்ச்சியை வெளிக்காட்டாமல் ஓர் எல்லைக்குள் நிற்கிறார். 'ரெட்டிசண்ட்' என்பவர் ஒரு குறிப்பிட்ட செய்தியை, பெரும்பாலும் தன்னைப் பற்றியதைச் சொல்ல விரும்பவில்லை. நம் அழுத்தக்காரருக்குக் கிட்டத்தட்ட இணை, ஆனால் அழுத்தக்காரர் என்பதில் இருக்கும் குறை கூறும் தொனி இதில் இல்லை. 'டாசிடர்ன்' என்பவரின் சுபாவமே குறைவாகப் பேசுவது. பார்ப்பவருக்கு அவர் கடுகடுப்பானவர் என்று தோன்றக்கூடும்.

இப்படித் தொனியைப் பார்த்துப் பிரிப்பதுதான் குணச் சொற்களைப் படிக்கும் வழி. சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்றா? 'ஃப்ரூகல்', 'த்ரிஃப்டி' இரண்டும் சிக்கனத்தின் பக்கம். 'ஸ்டிஞ்சி', 'மைசர்லி' இரண்டும் கஞ்சத்தனத்தின் பக்கம். ஒருவர் தன் கொள்கையில் நின்றால், பிடித்தவர் 'ரெசல்யூட்' என்பார், பிடிக்காதவர் 'ஆப்ஸ்டினேட்' என்பார். நாமும் அதே மனிதரை உறுதியானவர் என்றும் பிடிவாதக்காரர் என்றும் சொல்கிறோம். நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் புகழ்ச்சியா, இகழ்ச்சியா, நடுநிலையா என்று ஒரு குறி போடுங்கள். விடைத் தெரிவுகளில் பாதி அந்தக் குறியிலேயே கழிந்துவிடும்.

'ஆப்ஸ்டினேட்' வந்த இடத்தில் ஓர் இணைச் செய்தி. லத்தீன் வேர்களைக் கற்றால் சொற்கள் கொத்தாகக் கிடைக்கும். 'பெனெவலண்ட்', 'மலெவலண்ட்' இரண்டிலும் பின்பாதி விருப்பம் என்ற பொருளுள்ள வேர். முன்னால் வருவது நல்லதா கெட்டதா என்பதுதான் வேறுபாடு. பேசுதல் என்ற வேரிலிருந்து 'லொக்குவேஷியஸ்', 'எலொக்வெண்ட்' இரண்டும் வந்தன. முதலாவது அதிகமாகப் பேசுபவர், இரண்டாவது அழகாகப் பேசுபவர். ஆனால் வேரை மட்டும் நம்பிப் பொருள் சொல்லிவிடாதீர்கள். 'நைஸ்' என்ற சொல் அறியாமை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் முட்டாளைக் குறித்தது. 'டெரிஃபிக்' அச்சத்திலிருந்து வந்து இன்று பாராட்டாக நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பட்ட மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டு, பத்தியில் பொருந்தும் சொல்லைத் தேர்வு செய்யும் கேள்விகளை வைத்துக்கொண்டார்கள். உங்கள் தேர்வில் எதிர்ச்சொல் கேட்கும்வரை பட்டியலைப் படியுங்கள், அட்டைப்பெட்டியும் நல்ல முறைதான். அட்டையின் பின்பக்கம் ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக ஒரு வாக்கியமும் ஒரு குறியும் இருக்கட்டும், அவ்வளவே.

வடமராட்சி:

இடையில் ஒரு குறிப்பு. நாடு மாறினாலும் சில சொற்களின் பொருள் மாறிவிடுகிறது. நம் மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஹோம்லி' என்று எழுதுவார்கள். குடும்பப் பாங்கான பெண் என்ற எண்ணத்தில் எழுதுவது. பிரிட்டனில் ஓர் இடத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் வீட்டைப்போல் இதமானது. வட அமெரிக்காவில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அழகற்றவள் என்று பொருள். இங்கே கனடாவில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அந்த விளம்பரங்களைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். 'ஸ்மார்ட்' என்பதும் பிரிட்டனில் நேர்த்தியான உடையைக் குறிக்கும், அமெரிக்காவில் அறிவுக்கூர்மையை. தங்கை பிரிட்டனுக்குப் போவதால் எந்த நாட்டு வழக்கு என்ற குறிப்பையும் அகராதியில் பார்த்துக்கொள்ளட்டும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தங்கைக்கு இந்த உரையாடல் இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். பழைய பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, நோட்டில் உடல் உறுப்பு வாரியாகப் பக்கம் பிரித்திருக்கிறாள். தலை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், நெஞ்சு, வயிறு, கை கால், தோல், மூச்சு என்று. ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் நோயாளிகள் தமிழில் சொன்னதை எழுதுகிறாள். நேற்று மாதிரிக் கடிதம் ஒன்று எழுதினாள். பித்தப்பைக் கல் நோயாளி. வலப்பக்க மேல்வயிற்றில் 'கிராம்பிங்', அந்த இடம் தொட்டால் 'டெண்டர்', தோல் 'கிளாமி' என்று அவளாகவே எழுதியிருந்தாள். 'சிவியர்' ஒரே ஓர் இடத்தில் வந்தது, அது வர வேண்டிய இடம்தான்.

சில தமிழ்ச் சொற்களுக்குத்தான் இணை கிடைக்காமல் அந்த வரிகளைக் காலியாக விட்டிருக்கிறாள். வெண்சீருடைத் தங்கச்சி உதவ முடியுமா? கண் உறுத்துகிறது. நெஞ்சு கரிக்கிறது. வயிறு உப்புசமாக இருக்கிறது. கால் உளைகிறது. தலை கிறுகிறுக்கிறது. பல் கூசுகிறது. நீர்க்கடுப்பு.

வெண்சீருடை:

அக்கா, உறுப்பு வாரியாகப் பிரித்தது மிக நல்ல யோசனை. வரிசையாகவே சொல்கிறேன்.

கண் உறுத்தலுக்கு 'கிரிட்டி'. மண் துகள் விழுந்ததுபோல் இருக்கிறது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். உறுத்தலுக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை. நெஞ்சு கரிப்பதற்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் 'பர்னிங்' என்று எழுதலாம், நோயாளி 'ஹார்ட்பர்ன்' என்றே சொல்வார். உப்புசத்துக்கு 'புளோட்டட்', இது நோயாளி உணர்வது. மருத்துவர் பார்த்து வயிறு வெளியே தெரியும்படி உப்பியிருக்கிறது என்று எழுதினால் 'டிஸ்டெண்டட்'. இரண்டையும் கலக்க வேண்டாம். கால் உளைச்சலுக்கு 'ஏக்கிங்', அதோடு 'ஹெவி' சேர்க்கலாம். படுத்தால் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்று நோயாளி சொன்னால் 'ரெஸ்ட்லெஸ்' என்றும் எழுத வேண்டும், அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். பல் கூச்சத்துக்கு 'சென்சிட்டிவ்'. சூட்டுக்கா, குளிர்ச்சிக்கா, இனிப்புக்கா என்று சேர்த்து எழுதட்டும். நீர்க்கடுப்புக்கு, சிறுநீர் கழிக்கும்போது 'பர்னிங்' அல்லது 'ஸ்டிங்கிங்'.

கிறுகிறுப்புக்கு மட்டும் ஒரே சொல் எழுதிவிட வேண்டாம். நோயாளியிடம் திரும்பக் கேட்க வேண்டும். அறை சுற்றுகிறதா? அப்படியானால் 'ஸ்பின்னிங்' என்று எழுத வேண்டும். எழுந்து நின்றதும் கண் இருட்டி மயக்கம் வருவதுபோல் இருக்கிறதா? 'லைட்ஹெடட்'. நடக்கும்போது கால் தள்ளாடுகிறதா? 'அன்ஸ்டெடி'. தமிழில் மூன்றுக்கும் கிறுகிறுப்பு, தலைசுற்றல் என்றே சொல்லிவிடுவார்கள். இங்குள்ளவர்களும் மூன்றுக்கும் 'டிஸ்ஸி' என்றே சொல்வார்கள். தேர்வின் பேச்சுப் பகுதியில் நோயாளியாக நடிப்பவர் அந்தச் சொல்லைச் சொன்னால், அடுத்து இந்த மூன்று கேள்விகளையும் தங்கை கேட்கட்டும்.